இரண்டு முறை லோஷன் போட்டும் பேன் போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்பு வரை அடர்த்தியான, லேசாகச் சுருண்ட முடி. பள்ளி திறந்ததிலிருந்து தலையில் பேன். மருந்துக் கடையில் கேட்டு 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் வாங்கினேன். காலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்த தலையிலேயே தடவி, பத்து நிமிடம் கழித்து அலசினேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. சந்தேகத்துக்கு மூன்றாம் நாளே இன்னொரு பாட்டிலும் போட்டேன். மூன்று வாரத்தில் மறுபடி தலை நிறையப் பேன். வகுப்பு ஆசிரியை, ‘சரியாகும்வரை அனுப்பாதீர்கள்’ என்கிறார். மாமியார் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார். கணவரோ மொட்டை போட்டுவிடலாம் என்கிறார். மகள் பாட்டியோடுதான் படுப்பாள். 3 வயதில் ஒரு மகனும் இருக்கிறான். நான் என்ன செய்யட்டும்?
– திண்டுக்கல் வாசகி ஒருவர்

தோல் மருத்துவரின் பதில்:

விதையை இன்னும் அரைக்கவில்லை என்றால் அரைக்க வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும் என்று உங்கள் மாமியார் சொல்வது பொய்யில்லை. பூச்சிகளைக் கொல்லும் நச்சு அந்த விதையில் இருக்கிறது, கிராமங்களில் காலங்காலமாகப் பூசியும் வந்திருக்கிறார்கள். ஆனால் அரைத்த விழுது தலையோடு நிற்பதில்லை. அலசும்போது நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்குள் போகிறது, கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. தாங்க முடியாத எரிச்சல், இமையைத் திறக்கவே முடியாது, வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டும். இப்படித் தலைக்குக் குளித்த ஈரத்தோடு கண் மருத்துவமனைக்கு ஓடி வருபவர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு. கண் மருத்துவர்கள் இதைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதியும் இருக்கிறார்கள். உடனே சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும்தான். அதற்காகக் குழந்தையின் கண்ணில் சோதனை செய்து பார்க்க வேண்டுமா? யாருக்காவது ஏற்கெனவே பட்டிருந்தால், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் ஊற்றாமல், நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

விதை வேண்டாம் என்றால் அடுத்து மண்ணெண்ணெய், எறும்புச் சாக்பீஸ், கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் என்று யோசனைகள் வரிசையாக வரும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். அந்தத் தலையோடு குழந்தை அடுப்பங்கரைப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். ‘சாக்பீஸில் இருப்பதும் பெர்மெத்ரின் வகை மருந்துதானே டாக்டர்?’ என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். வகை ஒன்றுதான். ஆனால் அது சுவரோரம் கோடு போடுவதற்காகச் செய்தது. அதன் வீரியமும் அதில் கலந்திருக்கும் மற்றப் பொடிகளும் மண்டைத்தோலுக்காகப் பார்த்துச் செய்தவை அல்ல.

சரி, இப்போது லோஷனுக்கு வருவோம். நீங்கள் வாங்கிய மருந்தில் தப்பில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு நானும் முதலில் அதைத்தான் எழுதிக் கொடுப்பேன். போட்ட விதமும் போட்ட நாளும்தான் காலை வாரிவிட்டன.

பெண் பேன் ஒரு நாளைக்கு 8 முட்டை வரை இடும். அதைத்தான் ஈர் என்கிறோம். மண்டைத்தோலின் சூடு வேண்டும் என்பதால், முடியின் அடிப்பக்கமாகப் பார்த்து ஒரு பசையால் ஒட்டி வைக்கும். அந்த ஈர் பொரிய 6 முதல் 9 நாள் ஆகும். பொரிந்து வரும் குஞ்சு வளர்ந்து, தானும் முட்டையிடும் பருவத்துக்கு வர மேலும் 9 முதல் 12 நாள் ஆகும். பெர்மெத்ரின் ஓடுகிற பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் உங்கள் வீட்டில் நடந்தது புரிந்துவிடும். முதல் பாட்டிலில் பெரிய பேன்களில் கொஞ்சம் செத்தன, ஈர் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் போட்ட பாட்டில் கிட்டத்தட்ட வீண், ஏனென்றால் மிச்சமிருந்த ஈரில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் பொரிந்தது. பொரிந்தவற்றைக் கேட்க ஆளில்லை. மூன்று வாரத்தில் அவையெல்லாம் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிட்டன.

ஆகவே இரண்டாவது தடவை போட வேண்டிய நாள் ஒன்பதாம் நாள். அதற்குள் ஏறக்குறைய எல்லா ஈரும் பொரிந்திருக்கும், புதுப் பேன் எதுவும் முட்டையிட ஆரம்பித்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை போட்டால், அடுத்த ஞாயிறு கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாம் தடவை. செவ்வாய் நம் வீடுகளில் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள்தானே, மறக்காது. பள்ளி விட்டு வந்ததும் போட்டுவிடலாம். இப்போதே காலண்டரில் இரண்டு நாளையும் வட்டம் போட்டு வையுங்கள். புதுப்புது மருந்தாக மாற்றிப் பார்ப்பதைவிட அந்த இரண்டு வட்டம்தான் உங்களுக்கு அதிகம் உதவப் போகிறது.

போடும் விதம். எண்ணெய்த் தலையில் போடக் கூடாது. எண்ணெய்ப் படலம் மருந்தைத் தோலுக்கும் முடிக்கும் அண்ட விடாது. முதலில் சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்படி அலசுங்கள். அன்றைக்குக் கண்டிஷனர் வேண்டாம், கண்டிஷனர் கலந்த ஷாம்புவும் வேண்டாம். துண்டால் ஒற்றி, நீர் சொட்டாத அளவுக்கு ஈரம் இருக்கும்போது லோஷனைத் தடவுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மருந்து நீர்த்துவிடும். இவ்வளவு அடர்ந்த முடிக்கு ஒரு சின்ன பாட்டில் போதாமல் போகலாம். மேலாகப் பூசிவிட்டு முடித்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. வகிடு வகிடாகப் பிரித்து, தோல் நனையும்படி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதலாகத் தடவ வேண்டும். பேனுக்குப் பிடித்த இடங்கள் அவைதாம். கண்ணை ஒரு துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். 10 நிமிடம், கடிகாரம் பார்த்து. பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். குளியலறையில் உட்கார வைத்து முழு உடம்பிலும் வழியவிடாமல், தொட்டிமேல் குனிய வைத்து அலசினால் நல்லது. அதற்கப்புறம் இரண்டு நாள் ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். மருந்தின் மிச்சம் முடியில் கொஞ்ச நாள் தங்கி, புதிதாகப் பொரிபவற்றில் சிலவற்றையாவது கவனித்துக்கொள்ளும்.

போட்ட 8 முதல் 12 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். பேன்கள் செத்தோ, தள்ளாடித் தள்ளாடியோ கிடந்தால் மருந்து வேலை செய்கிறது, ஒன்பதாம் நாள் வரை பொறுங்கள். எப்போதும்போலச் சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்துக்கு அவை பழகிவிட்டன என்று அர்த்தம். பெர்மெத்ரினுக்கு மசியாத பேன் உலகம் முழுக்கவே இப்போது உண்டு. அப்போது அதே பாட்டிலை மூன்றாவது, நான்காவது தடவை ஊற்றுவதில் பலனில்லை. டைமெதிகோன் லோஷன், ஐவர்மெக்டின் லோஷன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. டைமெதிகோன் ஒரு சிலிக்கோன் எண்ணெய், பேனை மூடி அடைத்துக் கொல்லும். ஆகவே மருந்துக்குப் பழகிப்போன பேனும் அதற்குத் தப்பாது. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை, மற்றவர்களுக்கும் எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். வீட்டு அலமாரியில் காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று அச்சிட்ட பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரு காலத்தில் நாங்களே எழுதிக் கொடுத்த மருந்துதான். தோல் வழியாக உள்ளே போய் நரம்பைத் தாக்கி வலிப்பு உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு, 2003-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. சொறிக்கு வாங்கி வைத்த 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமையும் ‘ஒரே மருந்துதானே’ என்று தலையில் போட வேண்டாம்.

லோஷன் பாதி வேலைதான். இவ்வளவு அடர்ந்த முடியில் மீதிப் பாதியைச் சீப்புதான் செய்ய வேண்டும். மருந்தே போடாமல் சீப்பை மட்டும் நம்பி ஒழித்தவர்களும் உண்டு, பொறுமைதான் வேண்டும்.

நம் வீட்டு மரப் பேன் சீப்பு தலைமுறை தலைமுறையாக வேலை செய்ததுதான். ஆனால் பிளாஸ்டிக் சீப்பு அப்படியில்லை, அடர்ந்த முடியில் அதன் பற்கள் வளைந்து, இடைவெளி விட்டு, பேனைத் தாண்டிப் போய்விடும். உலோகப் பல் வைத்த, நீளப் பற்கள் உள்ள பேன் சீப்பு வாங்குங்கள். பற்களுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அளந்து பார்க்க முடியாது, வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய கோடு கோடாக மட்டும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

லோஷன் போட்ட நாளிலிருந்து மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். வெயில் நன்றாக விழும் திண்ணையிலோ ஜன்னலருகிலோ குழந்தையை ஒரு முக்காலியில் உட்கார வையுங்கள். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. தலையை நனைத்து, இப்போது தாராளமாகக் கண்டிஷனர் தடவுங்கள். லோஷன் அன்று வேண்டாம் என்றேனே, இது வேறு நாள். கண்டிஷனரின் வழுவழுப்பில் பேனுக்குப் பிடி கிடைக்காது, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். முடியும் சிக்காது. கண்டிஷனர் இல்லையா, தேங்காய் எண்ணெய் வைத்தும் சீவலாம். முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கு எடுத்துவிட வேண்டும். சுருண்ட முடியில் நேராகப் பேன் சீப்பைச் செருகினால் குழந்தை அலறும், அப்புறம் சீப்பைப் பார்த்தாலே ஓடும்.

நடு வகிடு எடுங்கள், பிறகு காதுக்குக் காது குறுக்கே ஒரு வகிடு. நான்கு பாகம். மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மீதமுள்ள பாகத்தில், சீப்பின் அகலத்துக்கு மேல் போகாத மெல்லிய கற்றை ஒன்றைப் பிரித்து, பற்கள் மண்டைத்தோலைத் தொடும்படி வேரிலேயே வைத்து, நுனி வரை ஒரே இழுப்பில் இழுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை ஒரு வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாக, கால் தெரிய இருந்தால் வளர்ந்த பேன். அதில் பாதிகூட இல்லாமல், கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் நெளிந்தால் குஞ்சு. இந்தக் குஞ்சுகளைத்தான் கண்ணால் பேன் பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். அதே கற்றையை மேலிருந்து, கீழிருந்து, இரண்டு பக்கத்திலிருந்து என்று மாற்றி மாற்றி இழுத்துவிட்டு அடுத்த கற்றைக்குப் போங்கள். இப்படி ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் செல்போனில் கார்ட்டூன் பார்க்கட்டும், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஈர் இல்லை. ஊதினால் பறப்பது பொடுகு. முடியின் ஒரு பக்கத்தில் சாய்வாக ஒட்டிக்கொண்டு, இரண்டு நகத்தால் பிடித்து உருவினாலும் வராமல் அடம் பிடிப்பது ஈர். அதிலும் தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள், பழுப்பாக இருப்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது மூன்று மாதத்துக்கு முன் பொரிந்துபோன வெறும் கூடு. அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் போகவில்லை’ என்று மறுபடி மருந்து ஊற்றுகிற அம்மாக்கள் நிறையப் பேர். கடைசியாக உயிருள்ள பேன் கண்ணில் பட்ட நாளிலிருந்து இரண்டு வாரம், நாலைந்து தடவை சீவியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் முடிந்தது.

இனி பாட்டி. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பேன் குதிக்காது, பறக்காது. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரே தலையணையில் தலையோடு தலை ஒட்டிப் படுப்பதைவிட அதற்கு நல்ல வசதி வேறில்லை. ‘எனக்கு அரிக்கவே இல்லையே’ என்று பாட்டி சொல்லலாம். அரிப்பு என்பது பேன் எச்சிலுக்கு நம் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல்முறை பேன் வந்தவர்களுக்கு அது தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், சிலருக்கு அரிப்பதே இல்லை. ஆகவே வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், உங்கள் தலை உட்பட. பேன் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே ஞாயிறு, அதே செவ்வாய். கூடவே படுப்பதால் பாட்டிக்குப் பேன் கண்ணில் படாவிட்டாலும் போட்டுவிடுங்கள். ‘அத்தை, உங்கள் தலையில் பேன்’ என்று ஆரம்பித்தால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும். ‘டாக்டர் எல்லோருக்கும் போடச் சொல்லிவிட்டார்’ என்று பழியை என் தலையில் போடுங்கள். மகனுக்கும் பேன் இருந்தால் தயங்க வேண்டாம், 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 1 சதவீத பெர்மெத்ரின் போடலாம்.

வீட்டைக் கழுவித் தள்ள வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். லோஷன் போடும் அன்று தலையணை உறை, போர்வை, துண்டு, ரிப்பன் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டில் 10 நிமிடம் ஊற வையுங்கள். போதும். மெத்தைக்குப் பூச்சி மருந்து அடிக்கத் தேவையே இல்லை.

உங்கள் கணவர் சொல்லும் மொட்டை பலிக்கும், மறுக்கவில்லை. முடியே இல்லாத இடத்தில் ஈர் எதில் ஒட்டும்? பழனிக்கு நேர்த்திக்கடன் ஏற்கெனவே இருந்து, மகளும் சந்தோஷமாகச் சம்மதித்தால் தாராளமாகப் போடுங்கள். பேனுக்காக மட்டும், அவள் அழ அழ, வேண்டாம். 8 வயதுப் பெண் குழந்தை அதே வகுப்புக்குத்தான் மறுநாள் போயாக வேண்டும், ஏன் மொட்டை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தவிர, பாட்டி தலையில் பேன் இருந்தால் முடி முளைத்த சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். தோள் வரை வெட்டிக்கொள்ளச் சம்மதித்தால் அது நல்ல சமரசம், சீவும் நேரம் பாதியாகக் குறையும். அடர்ந்த முடி பேனை இழுத்து வருவதில்லை, தேடுவதைத்தான் கடினமாக்குகிறது. அழுக்கும் காரணமில்லை. தினம் தலைக்குக் குளிக்கும் குழந்தைக்கும் பேன் வரும்.

இதை ஆசிரியையிடமும் சொல்லலாம். பேனுக்காகக் குழந்தையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகத்தின் நிலைப்பாடும். தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்க வேண்டாம். ஒரு பெஞ்சில் நான்கு பேர் தலையை முட்டிக்கொண்டு உட்காரும் வகுப்பில், உங்கள் மகளை மட்டும் நிறுத்தினால் மற்ற மூவர் தலையில் இருப்பது எங்கே போகும்? அந்தக் குழந்தைகளின் அம்மாக்களிடம் நீங்களே பேசி, எல்லோரும் அதே வாரத்தில் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்குப் போகும்போது இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டிவிடுங்கள். அவிழ்த்துவிட்ட முடிதான் பக்கத்துத் தலைக்குப் பாலம். பூ வைக்கலாம், அதனால் பேன் வராது. எண்ணெயும் வைக்கலாம், லோஷன் போடும் நாளிலும் அதற்கடுத்த இரண்டு நாளிலும் மட்டும் வேண்டாம்.

சொறிந்து சொறிந்து பிடரியில் புண்ணாகி நீர் வடிந்தாலோ, பொருக்குத் தட்டினாலோ, காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ லோஷனைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். புண்ணில் கிருமி சேர்ந்திருக்கும், அதற்கு மருந்து கொடுத்த பிறகுதான் பேனுக்கு. செவ்வாய்க்கிழமை இரண்டாவது தடவையும் போட்டு, சீப்பையும் விடாமல் பிடித்து, அப்புறமும் பேன் ஓடுகிறது என்றால் அப்போதும் வாருங்கள். வரும்போது போட்ட லோஷனின் அட்டைப்பெட்டியையும், டிஷ்யூவில் சீவி எடுத்த ஒன்றிரண்டு பேனை டேப்பில் ஒட்டியும் எடுத்து வாருங்கள். மகளின் எடையையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால் அன்றே மருந்தை மாற்றி எழுதிவிடலாம்.